மூன்று சுழிக்குக் கறுப்புக் கட்டை

அவைக்கும் தலைவராய், அடியேன் வீட்டுக்கும் தலைவராய், இதே மேடையில் எனக்கு இடப்பக்கம் மூன்றடி தள்ளி அமர்ந்து, என்னைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும், மதிப்புக்கும் மரியாதைக்கும் அச்சத்துக்கும் உரிய மன்றத் தலைவர், பியானோ ஆசிரியை அவர்களே! கறுப்பும் வெள்ளையுமாய்க் கலந்து கிடக்கும் கட்டைகளைக் கட்டி ஆளும் கலைஞர் பெருமக்களே! தட்டித் தட்டியே தலை நரைத்த என் தட்டச்சுத் தோழர்களே! முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! தாங்கள் ஒரு நாற்காலியிலும் தங்கள் கைப்பை ஒரு நாற்காலியிலுமாக அமர்ந்து, தாமதமாக வந்தவர்களைத் தூணோடு நிற்க வைத்திருக்கும் தாய்மார்களே! மேடையின் மூலையில், அமுங்கிய ஒரு கட்டை எழும்பாத நிலையிலும், இருபத்துநான்கு ஆண்டுகளாய் நம் எல்லாரையும் பொறுத்துக்கொண்டிருக்கும் பியானோவே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தட்டச்சனின் பத்து விரலும் கூப்பிய வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘எனக்குப் பிடித்த விசைப்பலகைக் கலைஞர்கள்’. கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். நான் பேசி முடித்ததும் வாக்கெடுப்பு. உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு அட்டைகள் இருக்கின்றன. மன்றத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்பவர்கள் கறுப்பு அட்டையைத் தூக்கவேண்டும். சேர்ந்தே இருப்போம் என்பவர்கள் வெள்ளை அட்டையைத் தூக்கவேண்டும். தயவுசெய்து அதை வைத்து விசிறிக்கொள்ளாதீர்கள், வாக்கு என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள். யாரது, மின்விசிறியைப் போடச் சொல்வது? தாராளமாகப் போடுங்கள். தீர்மானம் நிறைவேறும் வரை மின்விசிறி இரு தரப்புக்கும் சொந்தம்.

ஆம், தீர்மானத்தில் அப்படித்தான் இருக்கிறது. ‘வாசிப்போர் வேறு, தட்டுவோர் வேறு. எனவே மன்றத்தைப் பிரிக்க இப்பொதுக்குழு தீர்மானிக்கிறது. பியானோ வாசிப்போருக்கு. மின்விசிறிகள் தட்டுவோருக்கு.’ இந்தத் தீர்மானத்தை எழுதியவர் தலைவர். தட்டச்சு செய்தவன் நான். தலைவர் என் மனைவி. புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே தெரிந்தவர்கள் சிரிக்காதீர்கள், அவர் பார்க்கிறார்.

இந்த மன்றம் எப்படிப் பிறந்தது? யாரால் பிறந்தது? எதற்காகப் பிறந்தது? முதல் இரண்டு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகக்காரர் இருந்தார். பிறமொழிச் சொல் காதில் விழுந்தால் போய்க் காதைக் கழுவிவிட்டு வருகிறவர். காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால், மாத்திரையின் பெயரைத் தமிழில் சொன்னால்தான் விழுங்குவேன் என்று உட்கார்ந்துவிடுவார். அவர்தான் ஒருநாள் தம் சொந்தச் செலவில், தம் சொந்த அச்சில், ஒரு துண்டறிக்கை போட்டார். ‘விசைப்பலகையில் விரல் பதித்து வாழ்வோரே, விரைந்து வாரீர்! சனிக்கிழமை மாலை, மன்றக் கூடம்.’

வந்தார்கள். நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். பாதிப் பேர் பியானோ, ஆர்கன், கீபோர்டு என்று வந்தார்கள். மீதிப் பேர் தட்டச்சுப் பொறி, கணினி என்று வந்தார்கள். ஓர் ஓட்டலில் லிஃப்ட் இயக்குபவர் ஒருவரும் வந்தார். உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டதற்கு, “என்கிட்டயும் பலகை இருக்கு, அதுல விசை இருக்கு. பன்னெண்டு மாடிக்குப் பன்னெண்டு. அதுல விரல் வச்சுத்தான் பொழைக்கிறேன்” என்றார். அந்த வாதத்தை அப்படியே விண்ணப்பத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். அவர்தான் இப்போது நம் துணைத்தலைவர்.

எந்த விசைப்பலகை என்று அச்சகக்காரரையே கேட்டுவிடலாம் என்றால், அதற்குள் அவர் அச்சகத்தை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். கடிதம் எழுதினோம். ‘தாங்கள் குறிப்பிட்டது இசைக்கருவியையா, தட்டச்சுப் பொறியையா?’ பதில் வந்தது. ‘ஆம்.’ அவ்வளவுதான். அந்த ஒரே சொல்லின் மேல்தான் இத்தனை ஆண்டுகளாக நாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இனி எனக்குப் பிடித்தவர்கள். முதலில், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நம் ஏத்தி இறக்கி. அச்சகக்காரர் மன்னிக்க, கீபோர்டு என்றே சொல்லிவிடுகிறேன். ஏன் அந்தப் பெயர்? பாடகர்களுக்கு ஒருநாள் சளி, ஒருநாள் சந்தோஷம், தொண்டை ஒரே இடத்தில் நிற்பதில்லை. இவர் கீபோர்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சுருதி ஏறும், மறுபடி அழுத்தினால் இறங்கும். வீட்டிலும் இவர் அப்படியே. மனைவி குரலை ஏற்றினால் இவர் இறக்குவார், மாமியார் இறக்கினால் இவர் ஏற்றுவார். அந்த வீட்டில் இருபது வருடமாகச் சண்டை நடக்கிறது, ஆனால் ஒருநாள்கூடச் சுருதி விலகியதில்லை.

ஒருமுறை ஒரு விழா அமைப்பாளரிடம் இவர் தொலைபேசியில் சொன்னார்: “பாடகர் நாலரைக் கட்டை. மேடையில ரெடியா இருக்கணும்.” அவர் சொன்னது சுருதியை. அமைப்பாளர் இசைக்குப் புதியவர், ஆனால் பொறுப்புக்குப் பழையவர். நாங்கள் போய்ப் பார்த்தால் மேடையில் நான்கு முழு மரக்கட்டையும் ஓர் அரைக் கட்டையும் அடுக்கி வைத்திருக்கிறார். அந்த அரைக் கட்டையை அறுக்கத்தான் நேரமாகிவிட்டது என்று எங்களிடம் வருத்தப்பட்டார். ஏத்தி இறக்கி ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்தார். அன்றைக்குக் கீபோர்டு தாங்கியை வீட்டிலேயே மறந்து வந்திருந்தார். நான்கு கட்டையையும் நிறுத்தி அவற்றின் மேல் கீபோர்டை வைத்தார், அரைக் கட்டையில் தாம் உட்கார்ந்தார், வாசித்தார். பாருங்கள், எழுந்து நிற்கிறார், நீங்கள் கைதட்டலாம்.

இரண்டாமவர், பாதம். பிரார்த்தனை மண்டபத்தில் ஆர்கன் வாசிப்பவர். ஆர்கனில் கைக்கு இரண்டு வரிசை, காலுக்கு ஒரு வரிசை. கையால் வாசிப்பதைக் காலால் மறுத்தும், காலால் சொன்னதைக் கையால் கெஞ்சியும், தனி ஒருவராக ஒரு குடும்பமே நடத்துவார். தெருவில் நடந்தாலும் அவர் கால் சும்மா நடக்காது. மழைநாளில் அவருக்குப் பின்னால் போனால் குட்டைக்குக் குட்டை ஒரு ராகம் கேட்கும்.

ஒருநாள் தட்டச்சுத் தோழர் ஒருவர் வாய் சும்மா இராமல், “கால்ல என்னங்க பெரிய வித்தை? எங்க மெஷின்ல பண்ணிக் காட்டுங்க பாப்போம்” என்றார். பாதம் காலணியைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். பழைய தட்டச்சுப் பொறியைத் தரையில் இறக்கி வைத்தோம். நிமிடத்துக்கு இருபத்தைந்து சொல் தட்டினார். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கையாலேயே தட்டச்சு லோயர் தேர்வில் மூன்று முறை தவறிய தோழர்கள் அன்றைக்குக் கூடத்தில் இருந்தார்கள். பெயர் சொல்லமாட்டேன். அதில் ஒருவர் இன்னமும் அந்தப் பொறியைத் துடைத்துவிட்டுத்தான் தொடுகிறார்.

மூன்றாமவர் ஓட்டல்காரர். நம் லிஃப்ட் துணைத்தலைவர் வேலை பார்க்கும் அதே ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் ஜாஸ் வாசிக்கிற பியானோக்காரர். பாட்டு எங்கே தொடங்கும் என்று அவருக்குத் தெரியும், எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது. பத்து ஆண்டுகளாக வாசிக்கிறார். வருகிறவர்கள் பெட்டியோடு வருகிறார்கள், சாவியோடு போகிறார்கள், யாரும் அவர் பக்கம் திரும்புவதில்லை. ஒருநாள் மனம் வெறுத்து நடுப்பாட்டில் கையை எடுத்துவிட்டார். கூடத்தில் ஒரு தலை திரும்பவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே நான்கு விருந்தினர்கள் விழித்துக்கொண்டு நிற்க, நம் துணைத்தலைவர் வெளியே ஓடிவந்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? நீங்க நிறுத்தினா நான் எந்த மாடியில இருக்கேன்னே எனக்குத் தெரியறதில்ல.”

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஓட்டல்காரர் அழுதார். பத்து ஆண்டுகளில் ஒரு மனிதர் கேட்டிருக்கிறார் என்று அழுதார்.

இந்த ஓட்டல்காரரால்தான் எனக்கும் ஒரு காரியம் நடந்தது. வாசிப்போரும் தட்டுவோரும் ஒருநாள் இடம் மாறிப் பார்ப்போம் என்று மன்றத்தில் ஒரு திட்டம் போட்டோம் அல்லவா? அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நான் நகராட்சி அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தட்டச்சர். என் நாற்காலியில் உட்கார்ந்தார், என் கணினி விசைப்பலகையைத் தடவிப் பார்த்தார், கண்ணை மூடினார். கால்மணி நேரம் வாசித்தார். இடையில் ஒருமுறை தோளைக் குலுக்கினார், ஒருமுறை ‘ஆகா’ என்றார். முழுப் பக்கம் வந்தது. அதில் ஒரு சொல் இல்லை, எழுத்துகள் மட்டும் இருந்தன. அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் காகிதம் இல்லை. மற்றக் கோப்புகளோடு சேர்ந்து போய்விட்டது.

என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஒரு வாரத்தில் மூன்று பிரிவுகளிலிருந்து பதில் வந்தது. சாலைப் பிரிவு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்றது. குடிநீர்ப் பிரிவு, ‘எங்கள் பிரிவுக்குத் தொடர்பில்லை’ என்றது. தெருவிளக்குப் பிரிவு கூடுதல் விவரம் கேட்டது. மேலதிகாரி ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: ‘நடை நன்று. இனி இப்படியே சுருக்கமாக எழுதவும்.’

அன்று அலுவலகத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது? யோசித்துப் பாருங்கள். இருபத்தெட்டு ஆண்டுகள். நான் தட்டிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இந்தக் கூடத்தின் கூரை முட்டும். அதில் ஒரு தாளையாவது ஒருவராவது வாசித்திருக்கிறாரா? கையெழுத்துப் போட்டார்கள், முத்திரை குத்தினார்கள், துளையிட்டார்கள், நூல் கோத்தார்கள். வாசிக்கவில்லையே! என் வாழ்நாள் முழுக்க நான் அடித்ததும் ஓட்டல்காரர் அன்றைக்கு அடித்ததும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது எனக்குப் பெரும் வருத்தமாக இருந்தது.

என்ன இது? துண்டுச்சீட்டு. தலைவரிடமிருந்து வந்திருக்கிறது. ஒரு நிமிடம், மூக்குக்கண்ணாடி. ‘சுருக்கவும்.’ அன்புடையீர், பதினோரு நாளில் என் மனைவி எனக்கு எழுதியிருக்கும் முதல் கடிதம் இது. இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். சுருக்கமாட்டேன்.

ஏனென்றால் நான்காமவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எனக்கு எல்லாரையும்விடப் பிடித்த விசைப்பலகைக் கலைஞர். அவரைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் இந்தப் பியானோவை நான் எப்படித் தொட்டேன் என்று சொல்லவேண்டும்.

மன்றம் தொடங்கி இரண்டாம் ஆண்டு. பியானோ ஆசிரியை ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். மாடிப்படியில் எதிரே வந்தார். நான் சுவரோடு ஒட்டி வழிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு வாரத்தில் ஆறுநாள் அந்தச் சுவரும், சனிக்கிழமை அந்த மாடிப்படியும்தான் நினைவு. பேசலாமென்றால் நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடிதம் எழுதலாமென்றால், தட்டச்சு செய்த காதல் கடிதத்தை யார் நம்புவார்கள்? அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தமிழில் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. ஆக முப்பத்தொன்று. பியானோவில் கட்டைகள் எண்பத்தெட்டு. எண்பத்தெட்டுக் கட்டையில் முப்பத்தொரு எழுத்துக்கு இடம் இல்லாமலா போய்விடும்?

வல்லினத்தை இடப்பக்கம் வைத்தேன். மெல்லினத்தை வலப்பக்கம் வைத்தேன். இடையினத்தையும் உயிரையும் நடுவில் வைத்தேன். நெடிலுக்குத் தனி ஏற்பாடு. குறிலைத் தட்டிக் காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் நீண்டு நெடிலாகிவிடும். மூன்று சுழி ணகரத்துக்கு ஒரு கறுப்புக் கட்டை, இரண்டு சுழி னகரத்துக்கு அதை ஒட்டிய வெள்ளைக் கட்டை. ஆய்தத்துக்கு அந்த எழும்பாத கட்டை. தினமும் யார் ஆய்தம் தட்டப்போகிறார்கள்?

மூன்று வாரம் பழகினேன். ஒரு சனிக்கிழமை, அவர் உள்ளே வரும் நேரம் பார்த்து, பியானோவில் உட்கார்ந்து தட்டினேன். எனக்குத் தெரிந்த ஒரே நடையில்தான் தட்டினேன். ‘பொருள்: திருமணம் செய்துகொள்ளுதல் – தொடர்பாக. பார்வை: மாடிப்படியில் தாங்கள் பார்த்த பார்வை. மேற்காணும் பொருள் தொடர்பாகத் தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.’ கேட்பதற்கு எப்படி இருந்திருக்கும்? பாத்திரக் கடையில் பூனை புகுந்த மாதிரி இருந்தது என்று பாதம் பிறகு சொன்னார். எல்லாரும் காதைப் பொத்தினார்கள். ஆசிரியை மட்டும் பொத்தவில்லை. தலையைச் சாய்த்து, கடைசி எழுத்து வரைக்கும் கேட்டார். பிறகு கிட்டே வந்தார்.

“இது என்ன பாட்டுன்னு எனக்குத் தெரியல. ஆனா ஆரம்பத்துல ஒரு எடத்துல வெள்ளை விழுந்துச்சு. அங்க கறுப்பு வரணும்.”

சொன்னதோடு விடவில்லை. அந்த வரியைத் தாமே வாசித்தார், ஒரு கட்டை பிசகாமல், அந்த ஓர் இடத்தில் மட்டும் கறுப்பை அழுத்தி. அப்போதுதான் பெருமக்களே, எனக்குத் தெரிந்தது. பதற்றத்தில் நான் ‘திருமனம்’ என்று இரண்டு சுழி போட்டிருக்கிறேன். அவர் அதை மூன்று சுழியாக்கித் ‘திருமணம்’ என்று வாசித்திருக்கிறார்! எழுத்துத் தெரியாமலே என் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்த பெண்மணி இந்த உலகத்தில் வேறு எங்கே இருப்பார்? அலுவலக வழக்கப்படி, ஒரு வரைவைத் திருத்தித் திருப்பி அனுப்பினால் கொள்கையளவில் ஒப்புதல் என்று பொருள். உடனே அவரிடம் பொருளைச் சொல்லிவிட்டேன். அவர் பியானோ மூடியைச் சாத்தினார். பிறகு, “தக்க நடவடிக்கைன்னு யாராவது எழுதுவாங்களா?” என்று கேட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நடவடிக்கை தொடர்கிறது.

அப்படியிருக்க, பதினோரு நாளாக இருவருக்கும் பேச்சு ஏன் இல்லை? ஏன் இந்தக் கறுப்பு அட்டை? ஏன் இந்தத் தீர்மானம்? குற்றவாளி வேறு யாருமில்லை, ஒலிவாங்கி முன் நிற்கிற நான்தான்.

மன்ற ஆண்டுவிழாவில் தலைவர் இதே பியானோவில் வாசித்தார். நாற்பது நிமிட இசை. இரண்டு ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து பழகியது. உங்களில் பலர் கண்ணைத் துடைத்தீர்கள், நான் பார்த்தேன். நானும் துடைத்துக்கொண்டேன். எழுந்து நின்று கத்தவேண்டும் போல இருந்தது. முடிந்ததும் ஓட்டல்காரர் என்னிடம் வந்து, எப்படி இருந்தது அண்ணே என்று கேட்டார். தலைவர் எனக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

“நிமிஷத்துக்கு எழுபது சொல் தேறும்பா. பிழை ரெண்டே ரெண்டு” என்றேன்.

தட்டச்சுத் தோழர்களே, நீங்கள் சொல்லுங்கள். எழுபது சொல், இரண்டு பிழை என்றால் என்ன? முதல் வகுப்பு! மாநில அளவில் முதலிடம்! என் ஆயுளில் நான் யாருக்கும் கொடுக்காத பாராட்டு அது. ஆனால் கேட்டவர் தட்டச்சர் இல்லையே. இரண்டு ஆண்டு விடியலையும் நான் நிமிடக் கணக்கில் அளந்து, பிழையையும் எண்ணிவிட்டேன் என்றுதான் அவர் காதில் விழுந்தது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை இந்த மேடையில் நின்று, நாலு பேருக்கு நடுவில் ஒப்புக்கொள்கிறேன்.

அதோடு போயிருந்தால்கூடச் சரி. மறுநாள் காலை என் மேசையில் ஒரு தாள் இருந்தது. அவர் கையெழுத்து. மன்றத் தலைவர் எழுதும் எதையும் தட்டச்சு செய்வது என் வேலை. தட்டினேன். மூன்று படி எடுத்தேன். ‘மன்றத்தை பிரிக்க’ என்று இருந்தது. ஒற்று மிகவேண்டிய இடம். ‘மன்றத்தைப் பிரிக்க’ என்று ஒரு ‘ப்’ போட்டுத் திருத்தினேன். ஒற்றைக் கவனித்தேன், ஒற்றுமையைக் கவனிக்கவில்லை! கொண்டுபோய்க் கொடுத்து, இன்னும் படி வேண்டுமா என்றும் கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இத வாசிச்சுட்டுத்தான் அடிச்சீங்களா?”

“நான் எதையும் வாசிக்கறதில்லம்மா. அடிக்கிறதோட சரி” என்றேன், பெருமையாக.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நடுவில் நின்று திண்டாடுகிறாள். இவர் அடுப்படியிலிருந்து அவளுக்குத் தொலைபேசியில் சொல்வார், அவள் பக்கத்து அறையில் இருக்கும் எனக்குத் தொலைபேசியில் சொல்வாள், அப்பா, சாப்பாடு ரெடியாம் என்று. நான் அவளிடம் சொல்வேன், வருகிறேன் என்று சொல்லம்மா. சாப்பாடு ஆறிவிடுகிறது. நேற்று மகள் என்னிடம் சொன்னாள், “அப்பா, எனக்கும் ஆபீஸ் இருக்கு. நீங்களே பேசித் தொலைங்க.” அதனால்தான் பேசுகிறேன்.

அன்பார்ந்த அவையீரே! எனக்கு என்ன பயம் தெரியுமா? பியானோ போய்விடும் என்றா? போகட்டும். மின்விசிறி எங்களுக்கு வந்துவிடும் என்றா? வரட்டும். தீர்மானத்தை நேற்றுத்தான் முதன்முதலாக வாசித்தேன். மூன்று முறை வாசித்தேன். அதில் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் யார் வாசிப்போர், யார் தட்டுவோர், யாருக்கு எந்த அறை என்று ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாசிப்போர் வேறு, தட்டுவோர் வேறு என்கிறீர்கள். நான் கேட்கிறேன். பியானோவில் விரல் வைப்பவர் என்ன செய்கிறார்? வாசிக்கிறார். கடிதத்தில் கண் வைப்பவர் என்ன செய்கிறார்? வாசிக்கிறார். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் சொல்லுக்குப் பஞ்சம் வந்தா வைத்தார்கள்? ஏத்தி இறக்கி வாசிக்கிறார், நூலகத்தில் உட்கார்ந்திருப்பவரும் வாசிக்கிறார். யாரோ எழுதியதை உயிரோடு எழுப்புகிற வேலை இரண்டும். அப்படியானால் தட்டுவோராகிய நாங்கள் யார்? எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். ஓட்டல்காரருக்கு ஒரு லிஃப்ட்காரர் கிடைத்தார். எனக்கு? கூரை முட்டும் தாள்களுக்கு ஒரு வாசகர்கூட இல்லாத எனக்கு, ஒரே ஒரு கடிதத்துக்கு ஒரே ஒரு வாசகர் கிடைத்தார். அவரையும் நீங்கள் தீர்மானம் போட்டு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால், நான் இனி யாருக்காகத் தட்டுவேன்? தட்டுவோரே, உங்களை யார் வாசிப்பார்கள்? வாசிப்போரே, உங்களுக்கு யார் எழுதுவார்கள்?

போதும். வாயால் பேசினால் நான் எழுபது சொல், இரண்டு பிழை என்றுதான் பேசுவேன். எனக்குத் தெரிந்த வழியில் சொல்லிவிடுகிறேன். துணைத்தலைவர் அண்ணே, அந்த ஒலிவாங்கியைக் கொஞ்சம் பியானோ பக்கம் திருப்புங்கள். இல்லை, இன்னும் கீழே இறக்குங்கள், மூன்றாம் மாடி அளவுக்கு. சரி. காதைப் பொத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்போதே பொத்திக்கொள்ளலாம். வாசகம் இதுதான், தட்டுகிறபோதே சொல்லிவிடுகிறேன்.

பொருள்: மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக. பார்வை: பதினோரு நாளாக இல்லை. மேற்காணும் பொருள் தொடர்பாக, தாங்கள் அன்று வாசித்ததை நான் வாசிக்கத் தெரியாமல் எண்ணிவிட்டேன். அது மிக நன்றாக இருந்தது. அழுதேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அருள்கூர்ந்து மன்னிக்கவும்.

அவ்வளவுதான். இருங்கள், தலைவர் எழுந்து நிற்கிறார். உட்காருங்கள் எல்லாரும், வழி விடுங்கள், பியானோ பக்கம் வருகிறார். என்ன சொன்னீர்கள்? கேட்கவில்லை. இந்த ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

“வெள்ளை.”

கேட்டீர்களா? கேட்டீர்களா பெருமக்களே? பதினோரு நாளுக்குப் பிறகு ஒரு சொல்! மகள் வழியாக வராத சொல்! அந்தக் கடைசிச் சொல்லை மறுபடி தட்டிப் பார்க்கிறேன், விரல் கறுப்புக் கட்டைக்குப் போகிறது. மூன்று சுழி. கடைசி வரியில் ‘மண்ணிக்கவும்’ என்று தட்டியிருக்கிறேன். ஆமாம் தலைவரே, வெள்ளைதான். இரண்டு சுழிதான். என் தவறுதான். முன்வரிசையில் என்ன சத்தம்? தலைவர் வெள்ளை அட்டைக்கு வாக்களித்துவிட்டார் என்கிறீர்களா? அவர் சொன்னது பிழையையா, வாக்கையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். இருபத்துநான்கு ஆண்டுக்கு முன் அச்சகக்காரர் ‘ஆம்’ என்றபோது நாம் மறுபடி கேட்டோமா? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைசி எழுத்து வரை அவர் வாசித்திருக்கிறார்.

அட்டைகளைத் தூக்குங்கள். எண்ணுகிற வேலை எனக்கு வேண்டாம், எண்ணிப் பட்டது போதும். நான் நின்றே தட்டிய பியானோவின் நாற்காலியில் தலைவர் உட்கார்ந்து, பக்கத்தில் பாதி இடம் விட்டிருக்கிறார், நான் உட்காரவேண்டும். இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்த முன்வரிசைக்கும், கைப்பைகளை மடியில் எடுத்து வைத்து இடம் கொடுத்த தாய்மார்களுக்கும், எழும்பாத அந்த ஒரு கட்டைக்கும் சேர்த்து இரண்டே சொல் தட்டி விடைபெறுகிறேன். தலைவர் கவனிக்க. இரண்டு சுழியில், வெள்ளைக் கட்டையில், நன்றி. மூன்று சுழியில், கறுப்புக் கட்டையில், வணக்கம்.